பலூனுக்கு ஒரு லைன் கிளியர்

ஜனவரி 4, ஞாயிறு

இவ்வளவு நேரங்கழித்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள், ஜெசி. மணி பன்னிரண்டே முக்கால். தனு இப்போதுதான் தூங்கினாள். என் இடது கை அவள் தலைக்கடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது, நோட்டு என் முழங்காலில் இருக்கிறது, எழுத்து கோணிக்கொண்டு போகிறது. ஹாஸ்டலை விட்டு ஏழு வருஷமாக இந்த நோட்டு பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் பஸ்ஸில் போய்வருகிறது. இவ்வளவு கேவலமான கையெழுத்தில் ஒரு பக்கம் இதுவரை வந்ததில்லை. நம் விதிப்படி கிழிக்கவும் கூடாது, அடிக்கவும் கூடாது. பொறுத்துக்கொள்.

நீ எழுதியிருந்ததைப் படித்தேன். உங்கள் கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர் இடம் ஒன்று காலி. என் பெயரைப் பிரின்சிபாலிடம் சொல்லிவிட்டாய். இருபதாம் தேதிக்குள் நான் சரி என்றோ முடியாது என்றோ சொல்ல வேண்டும். புரிந்தது. அதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் இன்னொரு தொல்லை வந்திருக்கிறது.

குழந்தை உணவு டப்பாவில் ஒரு போட்டி வைத்திருந்தார்கள். 'என் குழந்தை வயிறாரச் சாப்பிட்டால் நான்…' என்ற வாக்கியத்தை முடிக்க வேண்டும். பொழுது போகாமல் ஒன்று எழுதி அனுப்பினேன். ஓர் ஆளுக்கு ஒரு விடைதான் என்பதால் வீட்டுக்காரர் பெயரில் ஒன்று, மாமனார் பெயரில் ஒன்று. பொழுது போகாமல்தான். வீட்டுக்காரர் பெயரில் அனுப்பியது ஜெயித்துவிட்டது. 'வானத்தில் மிதப்பேன்' என்று முடித்திருந்தேன். மிதக்க வேண்டியதுதானே என்று வெப்பக் காற்று பலூனில் இரண்டு பேருக்குப் பயணம் கொடுத்திருக்கிறார்கள். காணும் பொங்கல் அன்று விடியற்காலை, ஊருக்கு வெளியே ஒரு மைதானத்திலிருந்து. நாற்பது நிமிடம்.

நான் போகப் போவதில்லை. அதைச் சொல்லத்தான் இன்று எழுத உட்கார்ந்தேன்.

ஜனவரி 5, திங்கள்

விதிமுறைகளைப் படித்துப் பார்த்தேன், சும்மா. நாலடி உயரத்துக்குக் குறைந்தவர்களை ஏற்ற மாட்டார்களாம். தனு இரண்டரை அடி. விஷயம் முடிந்தது.

ஜனவரி 7, புதன்

முடியவில்லை. நவநீதன் தான் வேலை பார்க்கும் தென்னை நார் ஃபேக்டரியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். பரிசு அவர் பெயரில் வந்ததால், அந்த வாக்கியத்தை எழுதியதும் அவர்தான் என்று ஆகிவிட்டது. முதலாளியே கை குலுக்கினாராம். இனிப் போகாமல் இருந்தால் மானம் போகும் என்கிறார். உயரமெல்லாம் தனக்கு ஒரு விஷயமே இல்லையாம். போன வருஷம் திருவிழாவில் ராட்டினம் மேலே போனபோது அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அங்கிருந்து கோயில் கோபுரம் தெரிந்தது. சாமி கும்பிட்டிருப்பார்.

விண்ணப்பத்தில் எடை கேட்டிருந்தார்கள். வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இல்லை. அவர் கல்யாணத்துக்கு அச்சடித்த பயோடேட்டாவைத் தேடி எடுத்து, அதிலிருந்ததையே எழுதினார். அறுபத்தெட்டு. நானும் என் பயோடேட்டாவில் இருந்ததை எழுதினேன். நாற்பத்தொன்பது. அச்சில் வந்த எண்கள்தானே.

பலூனின் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். இரண்டாயிரத்து இருநூறு கன மீட்டர், உள்ளே நூறு டிகிரி, வெளியே இருபது. ஐந்நூற்று எழுபது கிலோ தூக்கும். பாதுகாப்பானதா என்று பார்க்கத்தான் போட்டேன். பேனா எடுத்துக் கணக்குப் போட்டு ஒன்றரை வருஷமாகிறது, ஜெசி. கை மறக்கவில்லை.

தனுவை யார் பார்த்துக்கொள்வது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி வந்தால் ஆகஸ்டும் வரும்.

உனக்கு ஆகஸ்டைப் பற்றி நான் எழுதவில்லை. சித்தப்பா பெண்ணின் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். தனுவுக்கு லேசாக மூக்கு ஒழுகியது, அதனால் விட்டுவிட்டுப் போனேன். மொத்தம் ஒரு மணி நேரம் இருபது நிமிடம். அதற்குள் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. இரண்டு நிமிடம்கூட இல்லையாம். இவரும் மாமாவும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் நர்ஸின் பேனாவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அம்மா பக்கத்தில் இருந்திருந்தாலும் வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

அதன்பிறகு குளிக்கும் நேரம் தவிர அவளை விட்டு நான் எங்கும் போகவில்லை. குளிப்பதும் சீக்கிரம்தான்.

ஜனவரி 9, வெள்ளி

தனுவைப் பார்த்துக்கொள்ள மாமா தானே முன்வந்தார். அத்தை இறந்து ஆறு வருஷமாகிறது. இந்த வீட்டில் மிச்சமிருக்கிற பெரியவர் அவர் ஒருவர்தான். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்து மூன்று வயதிலும் மாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்றுதான் தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பார்.

நான் அவருக்காக எழுதியிருந்த குறிப்பைக் கொடுத்தேன். நாலு பக்கம்தான். எழுந்ததும் என்ன, எத்தனை மில்லி, எந்தக் கரண்டி, அழுகை எத்தனை விதம், எந்த அழுகைக்கு என்ன, உடம்பு சுட்டால் யார் யாருக்கு எந்த வரிசையில் போன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு முழுசாகப் படித்தார். கையெழுத்துப் போட வேண்டுமா என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை. பிறகு தாள்களைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"அம்மிணி, முப்பத்திரண்டு வருசம் கம்பத்துல ஏறுனவன் நானு. ஒரு நாளும் எல்.சி. வாங்காம ஏறுனதில்ல. நீயும் எனக்கு எல்.சி. குடு."

எல்.சி. என்றால் லைன் கிளியர். கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் துணைமின் நிலையத்தைக் கூப்பிட்டு, இந்த லைனில் கரண்டை நிறுத்துங்கள், நான் வேலை செய்யப் போகிறேன் என்று சொல்லி ஓர் எண் வாங்க வேண்டும். வேலை முடிந்ததும் வாங்கியவரே கூப்பிட்டு, முடிந்தது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று அதைத் திருப்ப வேண்டும். அதுவரை அங்கே உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டர் சுவிட்சைத் தொடக் கூடாது. மேலதிகாரியே வந்து நின்றாலும் கூடாது.

"குடுத்துட்டீன்னா, நாந் திருப்பற வரைக்கும் நீ கை வெக்கக் கூடாது. நடுவுல போனப் போட்டு ஆச்சா ஆச்சான்னு நச்சரிக்கறவன் ஆபரேட்டரே கெடையாது. ஆளக் கொல்றவன்."

இது குழந்தை மாமா, கம்பம் இல்லை என்றேன். கம்பம் இவ்வளவு சேட்டை பண்ணாது என்றார்.

ஜனவரி 10, சனி

ஒத்திகை பார்த்தோம். எல்.சி. எண் 1. மாமா பழைய டைரி ஒன்றில் கோடு போட்டு எழுதினார்: கொடுத்தவர் தாரணி, வாங்கியவர் ராமசாமி, நேரம் 10.05. மளிகைக் கடைக்குப் போய்வரச் சொன்னார். போக எட்டு நிமிடம், வர எட்டு நிமிடம். நான் மொத்தமே பதினோரு நிமிடத்தில் வந்துவிட்டேன். போனதற்கு வெல்லம் வாங்கினேனா என்று கேட்காதே.

கேட் உள்பக்கம் தாழிட்டிருந்தது. தனுவுக்குக் கால் கழுவிக்கொண்டிருந்தார். இன்னும் திருப்பவில்லை, நில்லு என்றார். என் வீட்டு வாசலில் நாலு நிமிடம் நின்றேன். எதிர்வீட்டுக்காரர் சாவி தொலைந்துவிட்டதா என்று விசாரித்தார்.

கம்பி வழியாகத் தனு என்னைப் பார்த்தாள். சிரித்தாள். அப்புறம் மறுபடியும் குவளையில் கையை விட்டு அளைய ஆரம்பித்துவிட்டாள். நல்ல விஷயம்தான். நல்ல விஷயம் என்று எழுதிக்கொள்.

ஜனவரி 12, திங்கள்

நல்ல பிடிமானமுள்ள ஷூ வாங்கினேன். காலையில் நடக்கலாம் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். பலூன் விதிமுறையிலும் பிடிமானமுள்ள காலணி என்று இருப்பது தற்செயல்.

உன் கேள்வி மறக்கவில்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். தனுவின் கையில் கரும்புத் துண்டைக் கொடுத்தது யார் என்று விசாரணை நடக்கிறது.

ஜனவரி 16, வெள்ளி

காற்று பலமாக இருந்தாலோ மழை வந்தாலோ ரத்தாகிவிடும் என்று செய்தி அனுப்பியிருக்கிறார்கள். அவர் காலையிலிருந்து வானிலையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். ஆனைமலைப் பக்கம் ஒரு மேகம் தெரிந்ததும் மாடிக்கே போய்ப் பார்த்தார். அது கலைந்துவிட்டது. கீழே வந்து சுக்குக் காப்பி கேட்டார், வயிறு சரியில்லையாம். நான் மாத்திரை கொடுத்தேன். மாத்திரையில் சரியாகிற வயிறு மாதிரி தெரியவில்லை.

நான் போவது அவருக்காகத்தான். இதை ஏற்கெனவே எழுதினேனா?

நாளை நாலரைக்கு எழ வேண்டும். நான் மூன்றரைக்கு அலாரம் வைத்திருக்கிறேன். கூந்தலைப் பின்னிக்கொண்டுவிட்டேன், காலையில் நேரம் மிச்சம்.

ஜனவரி 17, சனி, காணும் பொங்கல்

பகல் மூன்று மணிக்கு எழுதுகிறேன். மேஜையில் வைத்து, இரண்டு கையோடும். எழுத்து நேராக இருப்பதை நீயே பார்ப்பாய்.

எல்.சி. எண் 2 காலை 4.50க்குக் கொடுத்தேன். தனு தூங்கிக்கொண்டிருந்தாள். மாமா எண்ணை எழுதிக் கோடு போட்டுவிட்டு, போ, திரும்பிப் பார்க்காதே என்றார். நான் இரண்டு தடவை பார்த்தேன்.

மைதானத்தில் இருட்டு. பலூனைப் பெரிய போர்வை மாதிரித் தரையில் விரித்து, விசிறி வைத்துக் காற்றடித்தார்கள். பிறகு பர்னரைத் திறந்தார்கள். உள்ளிருந்து வெளிச்சம் பரவி அது மெல்ல எழுந்து நின்றது. வகுப்பில் எத்தனை தடவை மிதப்பு விசையைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கிறேன். அந்த அம்புக்குறி ஒரு மாடி வீட்டைவிடப் பெரிதாக எழுந்து நிற்கிறது. நான் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றதாக இவர் சொல்கிறார். குளிருக்காக இருக்கும்.

ஓட்டுபவர் பெயர் ரெஜி, பாலக்காட்டுக்காரர். ஏற்றும் முன் எல்லோரையும் எடை மெஷினில் நிற்கச் சொன்னார். நான் அறுபத்தொன்று. பயோடேட்டாவுக்கும் எனக்கும் நடுவில் தனு இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டேன். நவநீதன் முதுகுப் பையோடு ஏறினார். தொண்ணூற்றாறு. பையைக் கீழே வைக்கலாமே என்றார் ரெஜி. "இல்லீங்க, ஆபீஸ் சாமானுங்க, விட்டுட்டு வர முடியாதுங்க" என்றார் இவர்.

கூடையில் ஏற்கெனவே திருப்பூரிலிருந்து வந்த புதுமணத் தம்பதி இருந்தார்கள். எழுதிக் கொடுத்ததைவிட முப்பது கிலோ வரை கூடினால் சமாளிப்பேன், நாற்பது என்றால் காலைக் காற்றில் வேண்டாம், ஒருத்தர்தான் வரலாம் என்றார் ரெஜி. எல்லோரும் இவரைப் பார்த்தார்கள். பரிசு இவர் பெயரில்தானே.

இவர் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "நீ போய்ட்டு வா தாரணி. எனக்கென்ன, இன்னொரு நாளைக்குப் போய்க்கறேன்" என்றார். பொள்ளாச்சியில் தினமும் டவுன் பஸ் மாதிரி பலூன் போகிறது போல. முகத்தில் அப்படி ஒரு தெளிவு. வயிறு அந்த நிமிடமே சரியாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

நான் மறுத்திருக்க வேண்டும். தனியாக எப்படி, குழந்தை இருக்கிறாள், கீழே இருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்குள் கூடைக்குள் இருந்தேன். எப்படி ஏறினேன் என்று நினைவில்லை. ஷூவின் பிடிமானம் நன்றாக இருந்தது.

மேலே போகிறோம் என்றே தெரியவில்லை, ஜெசி. காற்றுகூட அடிக்கவில்லை. காற்றோடு போவதால் காற்று தெரியாது, அது படித்ததுதான். ஆனாலும் ஊர் நம்மை விட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போவது மாதிரி இருந்தது. அவர் கையாட்டிக்கொண்டே சின்னதானார். அப்போதே போனை எடுத்து மாமாவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஏழு மணிக்கு மறுபடி. எடுக்கவில்லை. 7.06க்கு மறுபடி. இந்த முறை கட் பண்ணினார்.

ரெஜியிடம் சூலக்கல் பக்கம் திருப்ப முடியுமா, என் வீடு அங்கேதான் என்று கேட்டேன். அவர் சிரிக்காமல் பதில் சொன்னார். "ஏத்தலாம், எறக்கலாம் மேடம். திருப்பறது மட்டும் நம்ம கையில் இல்லா."

போனைப் பையில் போட்டேன். போட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

தென்னையை மேலிருந்து பார்த்திருக்கிறாயா? மரமாகவே தெரியாது. யாரோ பச்சை நட்சத்திரங்களை வரிசை தப்பாமல் அடுக்கி வைத்த மாதிரி, மலையடிவாரம் வரைக்கும். நடுநடுவே நார் ஃபேக்டரிகளின் பழுப்புக் குவியல்கள். ஆழியாறு தண்ணீர் தகடு மாதிரி. சோளம் அறுத்த காட்டில் மயில்கள் நடந்தன. மயிலின் முதுகை நான் அதுவரை பார்த்ததே இல்லை. பம்ப்செட்டில் குளித்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். துண்டைத் தேடி ஓடினார். திருப்பூர்ப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும்தான்.

கீழே பேசுவது மேலே அவ்வளவு தெளிவாகக் கேட்கிறது. குக்கர் விசில். நாயைத் திட்டும் குரல். பால் கேனை மூடும் சத்தம். அப்புறம் எங்கோ தோப்புக்குள் ஒரு குழந்தை அழுதது. நான் விளிம்பில் முழங்கையை ஊன்றி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். குழந்தை அழுகிறது, யாராவது எடுப்பார்கள் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். போனை மலைப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

7.17க்குத்தான் எனக்குக் குழந்தை இருப்பது ஞாபகம் வந்தது. பதினோரு நிமிடம். மளிகைக் கடைக்குப் போய் வந்த அதே நேரம். அன்று போகும்போதும் வரும்போதும் அவளைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை.

ஒரு சோளக்காட்டில் இறங்கினோம். கூடை இரண்டு குதி குதித்துச் சாய்ந்து நின்றது. தோட்டக்காரர் வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டே நிதானமாக நடந்து வந்தார். நாலு பேரையும் பார்த்தார், பலூனைப் பார்த்தார். "ஏனுங்க, கேட் தெறந்துதான இருக்குது. அது வழியா வரக்கூடாதுங்களா?" என்று கேட்டார். பிறகு இளநீர் வெட்டித் தந்தார்.

இவர் பலூன்காரர்களின் ஜீப்பிலேயே துரத்திக்கொண்டு வந்து சேர்ந்தார். வழியில் இட்லியும் ஆகியிருந்தது. திரும்பி வருகையில் முதலாளியோடு போனில் பேசினார். மேலிருந்து ஃபேக்டரி எப்படித் தெரிந்தது என்று விவரமாகச் சொன்னார். நான் சொன்னதைத்தான் சொன்னார், ஆனால் நன்றாகச் சொன்னார்.

வீட்டில் பையைத் தூக்கி வைக்கப் போனேன், தூக்க முடியவில்லை. உள்ளே நார்த்தூள் கட்டிகள் இரண்டு. ஏற்றுமதிக்கு அழுத்திச் செய்வது, ஒன்று ஐந்து கிலோ. சாம்பிள் என்றார். காணும் பொங்கலன்று விடியற்காலையில் யாருக்குச் சாம்பிள் என்று நான் கேட்கவில்லை. தொண்ணூற்றாறில் பத்து போனால் எண்பத்தாறு. எண்பத்தாறும் அறுபத்தொன்றும் நூற்று நாற்பத்தேழு. எழுதிக் கொடுத்தது நூற்றுப் பதினேழு. சரியாக முப்பதுதான் கூடுதல். இதையெல்லாம் நான் வீட்டுக்கு வந்த பிறகுதான் கூட்டிப் பார்த்தேன் என்று வைத்துக்கொள்.

மதியம் அவர் தூங்கினார். எனக்குப் பிடித்த சேமியா பாயசத்தை அவரே போய் வாங்கி வந்திருந்தார். பயத்தில் பையைக் கட்டினாரா, எனக்காகக் கட்டினாரா என்று தெரியவில்லை. கேட்டால் ஒரு பதில்தான் கிடைக்கும். கேட்காத வரை இரண்டும் என்னிடம் இருக்கும்.

ஜனவரி 18, ஞாயிறு

காலையில் மாமா தோட்டத்துக் குழாயடியில் இருந்தபோது அவர் டைரியைப் பார்த்தேன். திருட்டுத்தனமாக இல்லை, மேஜையில் திறந்தேதான் இருந்தது. கம்பத்தில் வேலை பார்த்த காலத்துப் பழக்கம், எல்லாவற்றுக்கும் நேரம் போட்டிருக்கிறார்.

5.55 விழித்தது. 6.10 பால் 150. 6.40 வெளிக்குப் போனது, கழுவினேன். 7.06 ஆபரேட்டர் போன், கட் செய்தேன். 7.10 மாடி. பலூன் வந்தது, காட்டினேன். 7.12 பலூன் சத்தத்துக்குப் பயந்து அழுதது. 7.13 தூக்கிக்கொண்டேன். நின்றது. 7.20 டாட்டா காட்டியது.

என் வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். பர்னர் ஒரு தடவை சீறுகிறது, அது நின்றதும் அழுகை. நேரம் 7.12. அப்புறம் படம் மலைப் பக்கம் போகிறது.

பொள்ளாச்சி வட்டாரத்தில் எத்தனையோ கைக்குழந்தைகள். எல்லாக் குழந்தையும் காலையில் அழும். அன்று அந்தப் பக்கம் எத்தனை தோப்பு, எத்தனை மாடி. இது வேறு குழந்தையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். புள்ளியியலும் கொஞ்சம் படித்தவள் நான். ஒன்பது தடவை கேட்டேன். மாமாவுக்கு எழுதிக் கொடுத்த நாலு பக்கத்தில் அவள் அழுகையை ஐந்து விதமாகப் பிரித்திருந்தேன். இது மூன்றாவது விதம். பயம். 'உடனே தூக்கவும்' என்று பக்கத்தில் எழுதியிருந்தேன்.

தூக்கியிருக்கிறார். ஒரு நிமிடத்தில் நின்றிருக்கிறது.

இதை எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதிவிட்டேன், அடிக்கக் கூடாது.

மாமா உள்ளே வந்தார். நான் டைரிக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தார். துண்டில் கையைத் துடைத்தார். நேற்று வந்த அலுப்பில் நான் கேட்க மறந்துவிட்டேன், அவரும் திருப்பவில்லை, எல்.சி. எண் 2க்கு நேரே கடைசிக் கட்டம் இன்னும் காலி. தனு அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"திருப்பிக் குடுத்தரட்டுமா அம்மிணி?"

கொஞ்ச நாள் இருக்கட்டுங்க மாமா என்றேன். சரி என்று மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போனார். தனு அவர் பின்னாலேயே போனாள். நான் சுவிட்சைத் தொடவில்லை, ஜெசி. கை வந்தது, தொடவில்லை.

நாளைக் காலை ஆறே முக்கால் பஸ் கண்டக்டரிடம் நோட்டைக் கொடுத்துவிடுகிறேன். உடுமலை பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள். நாளை மறுநாள் இருபதாம் தேதி. அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறதா? இந்த ஒரு தடவை நோட்டில் எழுதிக்கொண்டிருக்காதே, போனிலேயே பதில் சொல். சீக்கிரம் சொல்.